இருபத்தேழாம் நம்பர் செடி

கொழுந்து வாட்டிய மேல்மாடியில் இப்போது
மருந்துக் கஞ்சா.
அனுமதிப்பத்திரம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.
எல்லாம் பெண்செடி.

பண்டாரவளை பஸ்ஸில் இறங்கி வருகிற எங்களை
வாசலிலேயே நிறுத்தித் துடைத்தார்கள்.
ஈரத்துணி, தலைக்கு வலை, வேறு சப்பாத்து.
மகரந்தம் கண்ணுக்குத் தெரியாதாம்,
நனைந்தால் செத்துவிடுமாம்.
தமயந்தியின் கொண்டைப் பூவை
பெர்னாந்து மாத்தையா
பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டார்.
செவ்வந்தி அது. அதற்கும் இதற்கும் என்ன உறவென்று
கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

ஏழாம் கிழமை, பூவுக்குள் ஒரு விதை.
அப்புறம் நான்கு.
லயத்தில் எவன் வளர்க்கிறான் என்று
எங்கள் பைகளைக் கொட்டினார்கள்:
ரொட்டி, கட்டைச்சம்பல், பாதி பனடோல் அட்டை.

நான்தான் அந்தச் செடியைத் திருப்பிப் பார்த்தேன்.
பெண்பூவின் இடுக்கில்
அரிசி அளவு வாழைச்சீப்பு, மஞ்சளாய்.
காற்றாடியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.
தண்ணீர் தெளித்து, பையால் மூடி,
அடியோடு அறுத்து இறக்கினோம்,
மூச்சைப் பிடித்தபடி,
தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.
இருட்டில் விடவேண்டிய நேரத்தில்
வெளிச்சம் பட்டால்
பெண்செடியே ஆண்பூ விடும்.

கதவுக்குச் சாவி ஒன்றுதான்.
போயா இரவில் கொழும்பு விருந்தாளிகளுக்கு
டோர்ச் அடித்துக் காட்டியது யாரென்று
வாச்சர் சன்னாசிக்கும் தெரியும்.

அறிக்கையில் காரணம் என்றொரு கட்டம்.
மாத்தையா எழுதினார்: தொழிலாளர் உடை.

நாளையிலிருந்து இரண்டு தரம் குளித்துவிட்டு வரவேண்டும்.
லயத்துக் குழாயில்
வெள்ளிக்கிழமைதான் தண்ணீர்.