நத்தை குத்தாத நாரை

மழைக்கு ஒழுகியது என்று ஐந்தாம் வகுப்பை
ஆறாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்தோம்.
ஒரே கரும்பலகை.
இடப்பக்கம் பிலோமினா டீச்சரின் பகுபதம்,
வலப்பக்கம் என் உணவுச் சங்கிலி.
நடுவில் இழுத்த சாக்பீஸ் கோடு
மத்தியானத்துக்குள் யார் முதுகிலாவது ஒட்டிக்கொண்டு போய்விடும்.

சன்னலுக்கு வெளியே கண்மாய்.
இடுப்பளவுத் தண்ணீரில் கருவேல மரங்கள்,
மரம் தாங்காத கூடுகள்.
அப்பால் நாகமலை படுத்திருக்கும்.

"நத்தை குத்தி நாரை" என்றேன்.
"குத்து, பகுதி. இ, விகுதி" என்றார் டீச்சர்
அந்தப் பக்கமிருந்து.
ஆளுக்கொரு றெக்கையைப் பிடித்துக்கொண்டோம்.

ஒச்சம்மா எழுந்தாள்.
எழுத்துக் கூட்டினாலும் வாசிப்பு வராதவள்,
வருகைப் பதிவேட்டில் பாதி நாள் ஆட்டோடு போனவள்.
"அது குத்தல சார். அறுக்குது."

அகராதியில் குத்தி.
என் புத்தகத்திலும் குத்தி.
"எழுதிக் காட்டு" என்றார் டீச்சர்.
"ஆதாரம் கொண்டா" என்றேன் நான்.
இரண்டும் ஒரே தண்டனைதான் என்றது
அவள் முகம்.

நான்கு நாள் கழித்து வந்தாள்.
பாவாடை மடியில் முப்பத்தேழு நத்தை ஓடு.
பெஞ்சில் கொட்டினாள்.
ஒன்றிலும் ஓட்டை இல்லை, உடைசல் இல்லை.
உள்ளே ஆளும் இல்லை.

கூடவே ஒரு நோட்டு:
"வாய் முளுசா மூடாது. நடுவுல வெளிச்சம் தெறியும்.
கீள் மூக்கு நுனிய மூடிக்கு அடியில விடும்.
ஒட்டியிருக்கற சதைய அருக்கும்.
பெறகு ஒதறும்."

பிழை எண்ணத் தொடங்கிய டீச்சர்
இரண்டாம் வரியில் பேனாவை மூடிவிட்டார்.
நான் ஓடுகளை ஒவ்வொன்றாகத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பதினாறு வருடம் குத்தி குத்தி என்று சொன்ன வாயோடு.

தை மாதம்.
கண்மாய்க் கருவேலம் ஏலம் என்று
பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினார்கள்.
எங்கள் பள்ளியில் முதலில் வாசித்தது அவள்தான்.
ஏ... ல... ம்.
விரல் வைத்து,
பின்னால் ஆடுகளை நிறுத்திவைத்துவிட்டு.

குடியரசு நாள் கிராம சபைக்கு
அவளே எழுதினாள் மனு.
மரத்துக்கு மரம் எண்.
கூடு நாற்பத்தொன்று.
எந்தக் கூட்டில் முட்டை, எதில் குஞ்சு,
குஞ்சுக்குப் பறக்க எத்தனை நாள் என்ற கழித்தல் கணக்கு.
கடைசி வரி:
"பங்குனி வரைக்கும் மறத்தை வெட்ட வேண்டாம்."

திருத்தக் கை நீட்டினேன்.
டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
"அந்த றகரம் அங்கேயே நிக்கட்டும் சார்."

ஏலம் எடுக்க வந்தவர் சிரித்தார்.
தலைவர் வாசித்தார், மறுபடி வாசித்தார்,
உள்பக்கம் யாரோடோ பேசினார்.
எழுத்தர் 'பெறப்பட்டது' என்று
முத்திரை குத்தினார்.
அது மட்டும் குத்தத்தான் செய்தது.

மறுநாள் கரும்பலகைக்கு நடுவே
கோடு போட மறந்துவிட்டோம்.
ஒச்சம்மா எக்கி நின்று எழுதினாள்:
கூடு 41. அருவா எடுத்துட்டு யாரும்

சாக்பீஸ் நின்றது.
"வரலையா, வரவில்லையா டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
வாய் மூடாத ஒரு நாரை
மூக்கிடையில் கொஞ்சம் வானத்தை வைத்துக்கொண்டு
தண்ணீரில் இறங்கியது.