உள்ளங்கால்

இசாஃபியோர்துரில் நவம்பர் கடைசியில்
மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
ஜனவரி கடைசிவரை வராது.
இதில் யாருக்கும் வருத்தமில்லை.
விளக்கைப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

எங்கள் சமையலறை விளக்கு மஞ்சள்.
அதன் கீழே
மாவு, சுவர், மீன் அறுத்து வீங்கிய என் விரல்,
ஸ்கீரின் பின்னங்கால்
எல்லாம் ஒரே வெள்ளை.

ஸ்கீர் எங்கள் முயல்.
இந்த ஊர்க் கெட்டித் தயிரின் பெயரை
ஹாப்லிதிதான் வைத்தான்.
வைத்துவிட்டுக் கப்பலேறிப் போனான்.

வாரம் ஒருமுறை நடுக்கடலிலிருந்து செய்தி வரும்.
நான் எப்படி இருக்கிறேன் என்று
இரண்டாவதாகக் கேட்பான்.
முதலில், முயல்?
விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் படமெடுத்து
"பனி மாதிரி" என்று எழுதி அனுப்புவேன்.
பொய்யில்லை. அப்படித்தான் தெரிந்தது.

இன்று நடுப்பகலில்
மலை விளிம்பில் ஒரு கீறல்.
"வந்துடுச்சு!" என்று தெருவில் கத்தினாள் ஸ்டெய்ன்வோர்.
சூரியனுக்கென்று காப்பி வைக்கும் நாள்,
வீட்டுக்கு வீடு பான்கேக் வாசம்.
சன்னல் வழியே ஒரு தலையணை அளவு வெயில்
தரையில் விழுந்தது.
ஸ்கீர் அதில் போய்ச் சாய்ந்து
பின்னங்கால் இரண்டையும் நீட்டிற்று,
கடனில்லாதவன் தூங்குவதுபோல்.

அப்போதுதான் பார்த்தேன்.
இரண்டு உள்ளங்காலும்
பழைய செய்தித்தாள் நிறம்.
குதிகாலருகே இன்னும் அடர்த்தி,
சட்டையில் கொட்டிய டீ.

கணக்கு எனக்குத் தெரியும்.
டிசம்பர் முழுக்க இரட்டை ஷிஃப்ட்.
நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்ட கழிவுத் தட்டு
நாளை மறுநாளுக்குப் போனது,
அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு.
மர உருண்டைகள் ஊறி உடைந்து
சகதியான பின்னும்
அதிலேயே ஏறி, அதிலேயே உட்கார்ந்து
எழுந்து வந்திருக்கிறது.
முயலுக்கு முறையிடத் தெரியாது.
அது காலில் எழுதி வைத்துக்கொள்ளும்.

ஸ்டெய்ன்வோர் பான்கேக்கோடு வந்தாள்.
"குளிப்பாட்டிவிடு" என்றாள், வாசலிலேயே.
கூடாது. நனைந்த முயல் பயத்திலேயே போய்விடும்.
அழுத்தித் தேய்க்கவும் கூடாது.
நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல
அடியில் மெத்தை கிடையாது இதற்கு.
முடிதான் செருப்பு.
அது தேய்ந்தால் தோல் வெடிக்கும்.

மடியில் துண்டு. துண்டில் முயல்.
வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து
ஒற்றி ஒற்றி எடுத்தேன்,
குழந்தையின் காய்ச்சல் நெற்றியைத் தொடுவதுபோல்.
பிறகு சோளமாவு, விரலிடுக்கில் ஒவ்வொரு சிட்டிகை.
பிறகு சீப்பு.
என் கையில் மீன் நாற்றம்.
அது மூக்கைச் சுழித்தது,
காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
புண் இல்லை. வெறும் நிறம்.
நிமிர்ந்தால் வெயிலைக் காணோம்.
முதல் நாள் அது
விருந்தாளியைப் போலத்தான், உட்காராது.

தட்டை வினிகர் ஊற்றிக் கழுவிக்
காய்ந்த காகித உருண்டை பரப்பி
மேலே இரண்டு கை உலர்புல் போட்டேன்.
ஸ்டெய்ன்வோர் விளக்கடியில் காலைத் திருப்பிப் பார்த்து
"வெள்ளை வெளேர்" என்றாள்.
அந்த விளக்கை இனி நான் நம்புவதாயில்லை.

இறக்கிவிட்டதும் ஓட்டம்.
அடுப்படியிலிருந்து கட்டிலடி வரை
மாவுப் பாதங்கள்,
இரண்டு நீளம், இரண்டு குட்டை.
துடைக்க மனம் வரவில்லை.

கறை முழுசாகப் போகாது.
வசந்தத்தில் முடி உதிரும், புதுசு முளைக்கும்.
ஹாப்லிதி கரையிறங்குவதற்குள்
எல்லாம் சரியாகியிருக்கும்.
அவனுக்குத் தெரியவே வேண்டியதில்லை.

இரவு செய்தி வந்தது.
முயல்?
மஞ்சள், என்று தட்டினேன்.
அவன் இரண்டாவதைக் கேட்கும் முன்
இன்னொரு வரி:
நானும் கொஞ்சம்.