அடைக்கலம் மறைந்த இடம்

கானாடுகாத்தான் விலக்குக்குத் தெற்கே
கண்மாய்க் கரையோடு சாலை திரும்பும் இடத்தில்
ஐம்பது என்று நிற்கும் பலகைக்கு
நான்தான் பொறுப்பு.
திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.
திருச்சியில் விமானம் இறங்கி
முகூர்த்தத்துக்குப் பிந்தி வருகிறவர்கள்
வாரம் தவறாமல் திட்டுகிறார்கள்.

எங்கள் விதிப்புத்தகம்
ஓட்டுகிறவரின் கண்ணைத் தரையிலிருந்து
நூற்றிருபது சென்டிமீட்டரில் வைக்கிறது.
அது பார்க்க வேண்டிய பொருளை
அரையடி உயரத்தில்.
சாலையில் அரையடிக்கு என்ன இருக்கும்?
லாரியிலிருந்து சரிந்த செம்புறாங்கல்.
சூட்டுக்காகத் தாரில் படுத்த நாய்.
படுத்துக்கிடக்கும் இன்னொன்றும் உண்டு,
புத்தகம் அதன் பெயரைச் சொல்வதில்லை.

முக்காலிக்குப் பின்னால் நான் குனிந்திருந்தேன்.
சங்கிலி பிடிக்கும் அடைக்கலம்
சிவப்படித்த மரக்கட்டையைத் தாரில் தேய்த்தபடி
பின்னாலேயே நடந்தார்.
"தெரியுதா மேடம்?"
தெரியுது.
"இப்ப?"
தெரியுது.
"இப்பவும்?"
கருவேலம் புதர் முதலில் கட்டையைத் தின்றது,
பிறகு அவர் கையை,
பிறகு அவரை.
குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.
அறுபத்திரண்டு மீட்டர்.

ஓட்டுகிற எல்லோருக்கும் புத்தகம்
இரண்டரை விநாடி கடன் கொடுக்கிறது.
பார்க்க,
பார்த்ததை நம்ப,
கால் பிரேக்குக்கு மாற.
எண்பதில் வருகிறவர் அந்த இரண்டரையிலேயே
ஐம்பத்தைந்து மீட்டரைச் செலவழித்துவிடுவார்.
கையிருப்பு ஏழு.
ஆத்தங்குடிக் கல் ஏற்றிய லாரி
ஏழு மீட்டரில் நிற்காது,
ஓட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஐம்பதில் வந்தால் அறுபதில் நிற்கலாம்.
இரண்டு மீட்டர் மிச்சம்.
சர்க்கார் உங்களுக்கு எழுதிவைத்த சொத்து
அவ்வளவுதான்.
ஐப்பசி முதல் மழையில் செம்மண் கரைந்து
தார்மேல் குழம்பாக ஓடுமே,
அன்றைக்கு அதுவும் கிடையாது.
பலகையில் அதை எழுத இடமில்லை.

விலக்கு என்றால் இந்தப் பக்கத்தில்
பாதை பிரியும் இடம்.
வருகிறவர்கள் அதை
வேறு அர்த்தத்தில் படிக்கிறார்கள்:
எனக்கு மட்டும் விலக்கு.

ஆடி மாதம் யாரோ
கறுப்புப் பெயின்டால் இரண்டே இழுப்பில்
ஐந்தை எட்டாக்கியிருந்தார்கள்.
வளைவு பிசகாத நல்ல கை.
பிரிவு அலுவலகத்துக்கு போன் வந்தது.
தின்னரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு
என் காரிலேயே கிளம்பினேன்.
பின்சீட்டில் அடைக்கலம்,
மடியில் அந்தக் கட்டை,
வேறு வேலைக்குத் தேவைப்படும் என்று.

மூன்று மணிக்கு தேவகோட்டையில் ஆய்வுக் கூட்டம்.
தெரிந்த சாலை. காலியான மதியம்.
பலகையைத் தாண்டும்போது பார்த்தேன்:
எழுபத்திரண்டு.

ஒன்றும் நடக்கவில்லை.
கல் இல்லை, நாய் இல்லை,
கண்மாயில் ஒரு கொக்குகூட எழவில்லை.
ஒன்றும் நடக்காததைத்தான்
இந்தச் சாலை தினமும் எல்லோருக்கும்
கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது,
எனக்கும்.

வளைவில் கட்டை மடியிலிருந்து உருண்டு
என் இருக்கைக்கடியில் வந்து முட்டியது.
அடைக்கலம் குனிந்து எடுத்துக்கொண்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பி வந்து
அரை மணி நேரம் துடைத்தோம்.
கறுப்பு முழுக்கப் போகவில்லை.
சாயங்கால வெயில் சரிந்து விழுந்தால்
ஐந்துக்குள் அந்த எட்டு
இப்போதும் லேசாகத் தெரியும்.