குறுக்கே நின்றவள்

ஓக்லி முதியோர் இல்லத்துச் சலவையறை.
படுக்கை விரிப்பின் இரண்டு நுனி எனக்கு,
இரண்டு நுனி ஸ்தமாத்தியாவுக்கு.
கிட்ட வருவோம், மடிப்போம், விலகுவோம்.
இரவு இரண்டரை.

"எல்லாரும் தாயையும் மகளையும்தான் சொல்வார்கள்" என்கிறாள்.
பூப்பறித்த பெர்செபோனியைப்
பாதாளத்து அரசன் தேரில் தூக்கிப் போனது,
தாய் தேடி அலைய வயலெல்லாம் கருகியது.
"தோழியை விட்டுவிடுவார்கள்.
கியானி. சுனையில் இருந்தவள்.
தேருக்குக் குறுக்கே கைவிரித்து நின்றாள்.
அவளைக் கேட்டாயா என்றாள்."

அவன் சுனையைப் பிளந்து இறங்கிவிட்டான்.
கியானி அழுதழுது கரைந்தாள்:
முதலில் விரல், பிறகு கூந்தல், பிறகு நாக்கு.
தாய் வந்து கேட்டபோது சொல்ல வாயில்லை.
மகளின் இடைக்கச்சையை மட்டும்
நீர்மேல் மிதக்கவிட்டாள்.

விரிப்பு என் கையில் அப்படியே நிற்கிறது.

வதனி போன அன்று நான் குறுக்கே நிற்கவில்லை.
கிளேட்டன் ரயிலடி. வெள்ளை வான்.
எங்கள் ஆட்களுக்கு அந்த நிறம் கண்டாலே குளிர்விடும்,
எனக்கு விடவில்லை.
கதவைத் திறந்து பிடித்திருந்தான், மரியாதையாகத்தான்.
மில்டூராவில் வீடு, திராட்சைத் தோட்டத்தில் வேலை என்றான்.
"உனக்கேன் போன், என்னட்டை இருக்குத்தானே?"
நான் சிரித்தேன். கையும் அசைத்தேன்.
குடும்ப விசயம் என்று யாரோ சொன்னார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

மாதுளையா? அதுவும் உண்டு.
இங்கே அதற்கு விசா என்று பெயர்.
ஒரு முத்துத் தின்றாயிற்று,
இனி அவன் கையெழுத்தில்லாமல் வெளிச்சமில்லை
என்று நம்பவைத்திருந்தான்.

போன வாரம் ஒரு தபால் உறை. கடிதமில்லை.
அவளுடைய ரயில் அட்டை மட்டும்.
நாங்கள் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் பாதி உரிந்து.
ஏழு நாளாக மேசையில் கிடக்கிறது,
என்ன சொல்கிறாள் என்று
எனக்குப் புரியாததுபோல.

"அவள் கோழையில்லை" என்கிறாள் ஸ்தமாத்தியா.
கியானியைச் சொல்கிறாள்.
"தனியாக நின்றாள், அவ்வளவுதான்."
கடைசி விரிப்பை முழங்காலில் வைத்து அழுத்துகிறாள்.
"மில்டூராவுக்கு ஆறு மணி நேரம்.
என் காரில் ஹீட்டர் வேலை செய்யாது. கம்பளி எடு."

ஜூன் மாதம்.
கைன்டன் தாண்டும்போதுதான் விடிகிறது,
புல்வெளியெல்லாம் உறைபனி.
டாஷ்போர்டில் பாதி மயில்.
கதவு திறந்தால் முதலில் என்ன சொல்வது?
ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்க்கிறேன்.
நாக்கைப் பல்லால் தொட்டுப் பார்க்கிறேன்.
இருக்கிறது.

ஸ்தமாத்தியா திருப்பத்தைத் தவறவிட்டு
கிரேக்கத்தில் யாரையோ திட்டுகிறாள்.