மாதிரி வீடு

கட்டிலை ஆறு அங்குலம் குறுக்கிச் செய்திருக்கிறார்கள்,
அறை பெரிதாய்த் தெரிய.
மதியம், யாரும் வராத நேரம்,
படுத்துப் பார்த்தேன்.
கால் வெளியே நின்றது.

"கே.எல்.ல ஆளு கூடிக்கிட்டே போகுது,
மண்ணா கூடப் போகுது, அண்ணே?"
நாளுக்குப் பத்து முறை சொல்கிறேன்.
மூன்றாவது யூனிட்டுக்கும் கையெழுத்துப் போட்டார் ஒருவர்.
சாவி வாங்கக்கூட வரமாட்டார், தெரியும்.

கோகிலவாணி வேறு மாதிரி.
துணி எங்கே காயும் என்று கேட்டாள்.
அவள் கணவர் அண்ணாந்து பார்த்து,
தொட்டில் கட்ட இதில் கொக்கி தாங்குமா என்றார்.
பயிற்சியில் அதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.
இரண்டு வங்கியும் கைவிரித்த பிறகு
எனக்கு மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாள்.
என்னிடம் எதற்கு?

இரவு, செந்தூல் ரயில் ஜன்னலில்
போன வருடம் நான் விற்றுத் தீர்த்த கோபுரம்.
நாற்பது மாடி.
எண்ணினேன்: பதினொரு விளக்கு.
அதில் ஒன்று காவலாளியுடையது.

என் வாடகை அறையில் நாங்கள் நான்கு பேர்.
கடைசியாய் வருகிறவள்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
இருட்டில்
கால்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும்.