நான்கு யூரோ

போர்ட்டோ, சனிக்கிழமைச் சந்தை.
துருப்பிடித்த சாவிகள், தலையில்லாத ஒரு புனிதர்,
நடுவே தன் வயரையே சுற்றிக்கொண்டு
ஒரு கார்டு ரீடர்.

"லினக்ஸில் ஓடுமா?" என்றாள் அல்டினா.
"ஓடாது, நடக்காது, வைத்த இடத்தில் கிடக்கும்.
நான்கு யூரோ."

கடையில் புதியது முப்பத்திரண்டு;
அந்தப் பெட்டியிலும் பென்குவினுக்கு இடமில்லை.

கவிழ்த்து, அடியிலிருந்த எண்ணைக் கைப்பேசியில் தேடினாள்.
முகம் தெரியாத யாரோ
சம்பளமில்லாமல் எழுதி வைத்த டிரைவரில்
இதன் பெயரும் இருந்தது.

வீட்டில் செருகினாள்.
கறுப்புத் திரையில் ஒரு கட்டளை.
ஒன்றுமில்லை.
தூங்கிய சேவையை நிறுத்தி, மறுபடி எழுப்பினாள்.
பச்சை விளக்கு சிமிட்டியது.
அடையாள அட்டையை நுழைத்ததும்
அவள் பெயர் முழுதாக வந்தது,
கடைசியில் இன்னும் அவன் குடும்பப் பெயரோடு.

ரகசிய எண். ஒப்பம்.
ஏழு நொடியில்
விவாகரத்து பாதி முடிந்தது.

செவ்வாய் இரவு மணி அடித்தது.
நனைந்த கோட்டோடு படியிலேயே நின்றான் ஸெஃபெரினோ:
"என் பாதிக்கு… அந்த ரீடர் கிடைக்குமா?
கடையில் கொள்ளை விலை."

எடுத்துக் கொடுத்தாள்.
"வலப்பக்கம் அழுத்திப் பிடி,
இல்லையென்றால் தொடர்பு விட்டுப்போகும்.
ஏப்ரலுக்குள் திருப்பிக் கொடு,
எனக்கு வரிக்கணக்கு இருக்கிறது."