மூன்று கிலோ

எண்பத்தெட்டாம் நாள்.
தொண்ணூறுக்குள் லாரி ஏறியாக வேண்டும்
ஷெட்டில் நிற்கும் நாற்பத்தாறு பீப்பாய்களும்.

லேபிளில் மண்டையோட்டுக்குக் கீழே
என் கையெழுத்து:
வடிகலன் அடிக்கசடு,
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.

முப்பத்தொன்றாம் பீப்பாயைத்
தராசில் ஏற்றினோம்.
இருநூற்று ஒன்பது.
இறக்கி, முள்ளைத் தட்டி, மறுபடி ஏற்றினோம்.
இருநூற்று ஒன்பது.

"பழைய கணக்கையே போடும்மா" என்றார் கலியமூர்த்தி சார்.
"மூணு கிலோவைக்
கும்மிடிப்பூண்டியில எவன் கேட்பான்?"
லூர்துசாமி
பற்றவைக்காத பீடியோடு
கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்துக்கு ஏழு வண்ணத் தாள்.
வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் எங்களுக்கு,
மற்றவை எங்கெங்கோ போய்
நீலம் மட்டும் ஒருநாள் திரும்பி வரும்
எல்லாம் வந்து சேர்ந்ததென்று.

குனிந்து பார்த்தேன்.
அடிவளையத்தில் ஊசிக்கண் அளவு துரு.
அங்கிருந்து சிமெண்ட் தரையில்
ஒரு பழுப்புக் கோடு,
நகப்பூச்சும் அழுகின பலாவும் சேர்ந்த வாடை,
தடுப்புச் சுவரின் விரிசல் வரை போய்
அங்கே நின்றுவிடவில்லை.

ஐப்பசியில் பதினோரு நாள் விடாத மழை.
மதிலுக்கு அப்பால் உப்பனாறு
கடல் ஏற்றத்தில்
பின்னோக்கி வந்துகொண்டிருந்தது,
எங்கள் தெருப் பக்கம்.
கிணற்றுக்குப் பலகை போட்டு ஆறு வருஷம்.
இன்று வியாழன், தண்ணீர் வண்டி வரும்,
குடத்தை வெளியே வைத்தேனா தெரியவில்லை.

பேனாவை அழுத்தினேன்,
ஏழாவது தாள் வரை இறங்க வேண்டுமே.
இருநூற்று ஒன்பது.

குறிப்பு என்ற சிறிய கட்டத்தில்
நெருக்கி நெருக்கி எழுதினேன்:
மீதி மூன்று கிலோ
இங்கேயேதான் இருக்கிறது.